எந்த நீலம், எந்தப் பச்சை?

நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். எந்தப் பச்சை என்பதில்தான் சிக்கல். ஒரு நீலத்தில் கலந்தால் வாழைக்குருத்தைப் போலப் பளிச்சென்று வருகிறது. இன்னொரு நீலத்தில் கலந்தால் மங்கி, அழுக்கேறிப் போகிறது. தனக்குக் கை வரவில்லை என்று பிள்ளை சோர்ந்துவிடுகிறது. கோளாறு பெரும்பாலும் ட்யூபுக்குள் இருக்கும் நிறமியில்தான்.

வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் அடக்கம். மஞ்சள் நிறமி அதில் நீலத்தை விழுங்கிவிட்டு, பச்சையையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. அவை சேர்ந்து நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. நீல நிறமி சிவப்பை விழுங்குகிறது. நீலத்தோடு கொஞ்சம் பச்சையும் தப்பி வருகிறது. இரண்டையும் குழைத்தால், இரண்டும் விட்டுவைத்த பச்சைதான் மிஞ்சும். 1852-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைத் தெளிவாக விளக்கினார். நீல ஒளியையும் மஞ்சள் ஒளியையும் ஒரே இடத்தில் பாய்ச்சினால் பச்சை வராது, வெள்ளை வரும். ஒளியில் நடப்பது கூட்டல். பெயின்ட்டில் நடப்பது கழித்தல்.

அப்படியானால், நாம் எடுத்த நீலம் எவ்வளவு பச்சையைத் தப்பவிடுகிறது என்று பார்க்க வேண்டும். அல்ட்ராமரைன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைக் கல்லை அரைத்து எடுத்த நீலம். 1820-களில் பிரான்ஸில் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அது ஊதாப் பக்கம் சாய்ந்தது. பச்சையைக் குறைவாகவே விடும். ஆரஞ்சுச் சாயல் கொண்ட காட்மியம் மஞ்சளோடு சேர்ந்தால் ஆலிவ் பச்சைதான் கிடைக்கும். அதைத் தோல்வியென்று நினைக்கக் கூடாது. கோடையில் காய்ந்த புல்லுக்கும், தூரத்து மலைக்கும், புழுதி படிந்த புளியமரத்துக்கும் வேண்டியது அந்தப் பச்சைதான்.

பளிச்சென்ற பச்சைக்குத் தாலோ நீலம் வேண்டும். 1928-ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் வேறொரு வெள்ளைப் பொருளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொப்பரையின் எனாமல் பூச்சு விரிசல்விட, அடியிலிருந்த இரும்பு வினையில் கலந்து, சரக்கில் நீலம் தட்டியது. கழிவென்று கொட்டிவிடாமல் அதை ஆராய்ந்தார்கள். இரும்பின் இடத்தில் செம்பு அமர்ந்த சேர்மம்தான் தாலோ நீலம். 1935-ல் விற்பனைக்கு வந்தது. சிவப்பை ஏறக்குறைய முழுதும் விழுங்கி, பச்சையைத் தாராளமாக விடுவதால் லெமன் யெல்லோவோடு அருமையாகச் சேரும். ஆனால் வீரியம் அதிகம். பட்டாணி அளவு மஞ்சளுக்கு ஊசிமுனை நீலம் போதும். அதனால் தட்டில் முதலில் மஞ்சளை வைத்து, நீலத்தைத் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் அரை ட்யூப் மஞ்சள் வீண்.

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்ற பாடமும் பாதிதான் சரி. வெர்மிலியன் போன்ற ஆரஞ்சுச் சிவப்பு, நீலத்தையே விழுங்கிவிடும், மிஞ்சுவது பழுப்பு. நல்ல ஊதாவுக்கு மெஜன்டா தேவை. அச்சகங்கள் சயான், மெஜன்டா, மஞ்சள் என்று வைத்திருப்பதும் இதனால்தான்.

அக்ரிலிக்கில் இன்னொரு தொல்லை உண்டு. ஈரமாக இருக்கையில் அதன் பசை பால்போல் வெளுத்திருக்கும். காய்ந்ததும் பசை தெளிந்து, நிறம் ஒரு படி கறுக்கும். துண்டுக் காகிதத்தில் தீட்டி, காயவைத்துப் பார்த்த பிறகே படத்தில் வைக்க வேண்டும்.

நல்ல ட்யூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பிபி 29 என்றால் அல்ட்ராமரைன், பிபி 15 என்றால் தாலோ. முன்பக்கப் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், குறியீடு மாறாது. ஒரே குறியீடு இருந்தால் ஒற்றை நிறமி. கலக்கும்போது என்ன வரும் என்று ஊகிக்கலாம். மலிவான பெட்டிகள் பலவற்றில் இந்தத் தகவலே இருப்பதில்லை. பிள்ளைகளுக்கு இருபத்துநான்கு கலர் பெட்டி வாங்கும் காசில், குறியீடு அச்சிட்ட நாலைந்து ட்யூப் வாங்கிக் கொடுங்கள். மற்ற நிறங்களை அவர்களே கலந்துகொள்வார்கள்.