நோயாளர் குரல் சட்டமாகிறது

பால்மரத்தில் கத்தி ஆழமாய்ப் பாய்ந்துவிட்டால், அவ்விடத்தில் புதுப்பட்டை செவ்வனே வளர்வதில்லை என்பதை மரம் வெட்டும் அன்பர்கள் அறிவர். மனித நரம்பும் அத்தகையதே.

நரம்பைச் சுற்றி மயலின் என்னும் காப்புறை உண்டு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இவ்வுறையையே தாக்கி அழிப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயாகும். பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல், கடும் அயர்வு, நடை தடுமாற்றம் ஆகியன இதன் அறிகுறிகள். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களிடம் இது மிகுதியாகத் தோன்றுகிறது. இது தொற்றுநோயன்று. முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. எனினும், நோயின் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் 1993ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. காலந்தாழ்த்தாது அவற்றைத் தொடங்குவது இன்றியமையாதது.

இம்மருந்துகளின் விலையோ மிக அதிகம். அமெரிக்காவில் நோயாளர் பலர் காப்புறுதி நிறுவனங்களின் வழியாகவே இவற்றைப் பெறுகின்றனர். அங்கு மருத்துவர் ஒரு மருந்தை எழுதித் தந்தாலும், முதலில் விலை குறைந்த வேறொன்றை உட்கொண்டு, அது பயனற்றதெனக் காட்டிய பின்னரே இதற்குப் பணம் தரப்படும் என்று நிறுவனம் விதிப்பதுண்டு. செலவைக் கட்டுப்படுத்தவே இவ்விதி என்பது நிறுவனங்களின் வாதம். ஆனால், காத்திருக்கும் மாதங்களில் நோயாளர் இழக்கும் நடையும் பார்வையும் மீளாமலே போகக்கூடும்.

இந்நிலையை மாற்ற நோயாளர்கள் மாநிலச் சட்டமன்றங்களை நாடினர். தம் சகோதரர் இந்நோயால் துன்புற்றதைக் கண்ட சில்வியா லாரி என்னும் பெண்மணி 1946ஆம் ஆண்டு தொடங்கிய சங்கம், இன்று தேசிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமாக இப்பணிக்குத் துணை நிற்கிறது. நோயாளரும் குடும்பத்தினரும் மாநிலத் தலைநகருக்குச் சென்று, உறுப்பினர்களை நேரில் கண்டு, தம் அனுபவத்தை எடுத்துரைக்கின்றனர். பிற நோயாளர் அமைப்புகளும் இக்கோரிக்கையில் இணைந்தன.

பயன் விளைந்தது. நியூயார்க் மாநிலத்தில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சட்டம் கையெழுத்தானது. மருத்துவர் தக்க காரணத்துடன் விலக்குக் கோரினால், நிறுவனம் 72 மணி நேரத்திற்குள்ளும், அவசர நிலையில் 24 மணி நேரத்திற்குள்ளும் முடிவு கூற வேண்டும். டெக்சாஸ் மாநிலமும் 2017ஆம் ஆண்டு இத்தகைய சட்டத்தை இயற்றியது.

ஆயினும், மாநிலச் சட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. தொழிலாளரின் மருத்துவச் செலவை முதலாளியே நேரடியாக ஏற்கும் திட்டங்கள், 1974ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திற்கு உட்பட்டவை. மாநிலம் அவற்றைக் கட்டுப்படுத்த இயலாது. ஆகவே அதே கோரிக்கை அமெரிக்கக் காங்கிரசுக்கும் கொண்டு செல்லப்பட்டது.

நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனைகள் மத்திய சுகாதார அமைச்சின் பொறுப்பில் உள்ளன. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. நீண்டகால உடற்குறை ஏற்பட்டோர், மருத்துவரின் சான்றுடன் சமூக நல இலாகாவில் பதிவு செய்துகொள்ளலாம். மேற்கண்ட அறிகுறிகள் தோன்றினால், வேலைக் களைப்பென்று இருந்துவிடாமல் மருத்துவரைக் காண்க. தம் குறையை உரிய இடத்தில் எடுத்துரைப்பது இரத்தலன்று. அது குடிமக்களின் உரிமையாகும்.