வணிகத் தூய அலுமினியமும் அதன் பயன்களும்

தூய்மை மிகுந்தோறும் பொருளின் பயனும் மிகும் என்பது பொதுவான எண்ணம். உலோகங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு வணிகத் தூய அலுமினியமாகும்.

நூற்றுக்கு 99 பங்கோ அதற்கு மேலோ அலுமினியமும், எஞ்சிய சிறு பங்கில் பெரும்பாலும் இரும்பும் சிலிக்கனும் அமைந்த உலோகமே இப்பெயர் பெறும். புவியோட்டில் மிகுதியாக உள்ள உலோகம் அலுமினியமே. ஆயினும், ஒட்சிசனோடு அது கொண்ட பிணைப்பு மிக வலியதாதலின், அதனைப் பிரித்தெடுத்தல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. 1884 ஆம் ஆண்டில் வாசிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அலுமினிய முனையொன்று பொருத்தப்பட்டபோது, அதன் விலை ஏறத்தாழ வெள்ளிக்கு நிகராயிருந்தது. 1886 இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்ட மின்பகுப்பு முறையே இதனை எளியோர் அடுக்களைக்கும் கொணர்ந்தது.

இதன் அடர்த்தி கன சதமமீற்றருக்கு 2.7 கிராம், இரும்பினதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. உருகுநிலை 660 செல்சியசுப் பாகை. வளி பட்டவுடன் இதன் மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தோன்றும். அஃது இரும்பின் துருவைப்போல் உதிராது, உள்ளுள்ள உலோகத்தைக் காக்கும். எனினும், வலிய அமிலமும் காரமும் அப்படலத்தைக் கரைக்கவல்லன. ஆதலின், புளிக்கறியை அலுமினியப் பாத்திரத்தில் நெடுநேரம் வைத்தலும், அதனைச் சலவைச் சோடாவினால் துலக்குதலும் தகாவாம்.

எளிதில் தகடாகவும் கம்பியாகவும் மாறும் இயல்பினால், இவ்வுலோகம் சமையற் பாத்திரங்கள், உணவு பொதியுந் தாள், இரசாயனத் தொட்டிகள் முதலியவற்றிற்கு உதவுகின்றது. 99.5 பங்கு தூய்மையுடைய வகையின் மின்கடத்துதிறன் செம்பினதில் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பங்காம். ஆயினும், நிறைக்கு நிறை ஒப்பிடின், அது செம்பினும் ஏறத்தாழ இருமடங்கு மின்னைக் கடத்தும். உயரழுத்த மின்வடங்களில் இது பயன்படுவதன் காரணம் இதுவே. மென்மையாகிய குறையை ஈடுசெய்ய, அவ்வடங்களின் நடுவே உருக்குக் கம்பி வைக்கப்படும்.

இக்குறையைப் போதிய அளவு கருதாமையின் விளைவும் உண்டு. 1965 முதல் 1973 வரை ஐக்கிய அமெரிக்காவில் பல வீடுகளுக்குச் செம்புக்கு மாற்றாக அலுமினியக் கம்பிகள் இடப்பட்டன. திருகாணிகளின் அழுத்தத்தாலும் வெப்ப விரிவாலும் இணைப்புகள் தளர்ந்தன. ஒட்சைட்டுப் படலம் மின்னோட்டத்தைத் தடுத்தது. இணைப்புகள் சூடேறித் தீ விபத்துக்கள் நேர்ந்தன. உலோகம் மாறவில்லை, அதற்கேற்ற இணைப்பே அமைக்கப்படவில்லை.

வலிமை வேண்டிய வானூர்திக்குக் கலப்புலோகமும், கடத்துதிறன் வேண்டிய வடத்திற்குத் தூய உலோகமும் பொருந்தும். பொருளின் இயல்பறிந்து பணிகொள்ளுதலே விஞ்ஞானக் கல்வியின் பயனாம்.