துபாய் எவ்வளவு தூரம்?

நம் தோட்டங்களிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. "அம்மா இருக்கிற ஊரு எவ்வளவு தூரம்?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்?

கட்டுநாயக்கவிலிருந்து துபாய் வான்வழியே சுமார் 3,300 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் ஏறத்தாழ நாலரை மணி நேரம். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் கட்டுநாயக்க போய்ச் சேரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும்!

ஆனால் டிக்கட்டில், காலை 10 மணிக்குப் புறப்பட்டு பகல் 1 மணிக்கு இறங்குவதாக இருக்கும். அப்படியானால் மூணு மணி நேரம்தானா? இல்லை. டிக்கட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே போடுவார்கள். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். அங்கே 1 மணி என்றால் இங்கே 2.30.

திரும்பி வரும்போது இன்னும் கவனம் வேண்டும். 14ஆம் திகதி இரவு 10 மணிக்குத் துபாயில் ஏறுபவர், 15ஆம் திகதி விடியற்காலை 4 மணியளவில்தான் இங்கே இறங்குவார். '14ஆம் திகதி, விடிய 4 மணி' என்று நினைத்து வேன் பிடித்தால் ஒரு நாள் முன்னாலேயே போய் நிற்போம், வாடகையும் வீண். ஆகவே, இறங்கும் திகதியையே கேட்டு எழுதி வைப்போம்.

கோல் எடுக்கும் நேரமும் அப்படித்தான். அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே 10.30. பிள்ளைகள் தூங்கிப்போயிருக்கும். எந்த ஊர் நேரம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.