அங்கே பழகிய தொழில் இங்கேயும் கைகொடுக்கும்

தமிழ்நாட்டு முகாமில் இருந்த காலத்தில் உங்களில் பலர் கொத்தனார் வேலை, பெயின்ட் வேலை, தச்சு வேலை பழகியிருப்பீர்கள். அப்புத்தளைக்குத் திரும்பியதும், "இங்கே நம் வேலையை யார் நம்புவார்கள்?" என்ற கவலை வருவது இயல்பு. அதற்கு வழி இருக்கிறது.

சான்றிதழ்
பாடநெறிக்குப் போகாமலே தேசிய தொழிற்தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் பெறலாம். இதற்கு 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று பெயர். நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிடம் விண்ணப்பியுங்கள். நீங்கள் செய்யும் வேலையை மதிப்பீட்டாளர் பார்த்து, கேள்வி கேட்டு, உங்கள் திறமையை மதிப்பிடுவார். அங்கே செய்த வேலைகளின் படங்கள், மேஸ்திரி கொடுத்த கடிதம் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

பேச்சு
கொத்தனாரை இங்கே 'மேசன்' என்பார்கள். கைதேர்ந்தவரை 'பாஸ்' என்பார்கள். அங்கே ஒரு 'யூனிட்' மணல் இங்கே ஒரு 'கியூப்'. இரண்டும் 100 கன அடிதான். அளவும் கூலியும் பேசும் அளவுக்காவது சிங்களம் பழகுங்கள்.

மலைச்சரிவு
சமதரையில் வேலை பழகியவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும், அதைப் பார்க்காமல் மேட்டை வெட்டாதீர்கள். வெட்டுபவர்தான் முதலில் மண்ணுக்குக் கீழே நிற்கிறார். சந்தேகம் இருந்தால் கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள்.