பழைய மீடியம் ஃபார்மெட் லென்ஸுக்கு எந்த அளவு ஃபில்டர்?

பழைய ரோலைஃப்ளெக்ஸோ ஹாஸல்பிளாடோ கைக்கு வந்தால், ஃபிலிமுக்கு அடுத்து தேட வேண்டியது ஃபில்டர். கருப்பு-வெள்ளையில் வானம் வெளுத்துப் போகாமல் மேகம் தெரியணும்னா மஞ்சள் கண்ணாடி ஒன்றாவது வேணும். இன்றைய லென்ஸில் இது ஒரு பிரச்சினையே இல்லை. முன்வளையத்தில் குறுக்குக்கோடு போட்ட ஒரு வட்டமும் பக்கத்தில் 58, 67 என்று ஒரு எண்ணும் இருக்கும். அதைச் சொல்லி வாங்கிடலாம். பழைய லென்ஸ் பலவற்றில் அந்தக் குறியே கிடையாது. அதில் பளிச்சென்று தெரிகிற 75, 80, 150 எல்லாம் குவியத் தூரம். அதுக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமே இல்லை.

கேமரா பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சரியான பதில் வராது. ரோலைஃப்ளெக்ஸையே எடுத்துக்குங்க. 1958இல் வந்த ரோலைஃப்ளெக்ஸ் டி, அதே வருடம் வந்த 3.5 எஃப், 1960இல் வந்த 2.8 எஃப். மூன்றையும் வரிசையாக வைத்தால் புதிதாகப் பார்ப்பவருக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனால் டி-க்கு பே 1, 3.5 எஃப்-க்கு பே 2, 2.8 எஃப்-க்கு பே 3. ஒன்றின் ஃபில்டர் மற்றொன்றில் ஏறாது. இவை மரை போட்டுத் திருகுகிறவை அல்ல. வைத்து லேசாகத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் பயோனெட். உள்பக்கப் பூட்டில் ஃபில்டர், வெளிப்பக்கப் பூட்டில் ஹூட், இரண்டையும் ஒரே நேரத்தில் போடலாம். அழகான ஏற்பாடு. மூன்றில் சுலபமாகக் கிடைப்பது பே 1தான், ஏன்னா யாஷிகா மேட் 124ஜி, மினோல்டா ஆட்டோகார்டு போன்ற ஜப்பானிய இரட்டைலென்ஸ் கேமராக்களும் அதே பூட்டை வைத்துக்கொண்டன.

ஹாஸல்பிளாடில் குழப்பம் வேறு மாதிரி. 1957இல் வந்த 500சி-யோடு பிறந்த சி வரிசை லென்ஸ்களில் 80, 150, 250 மூன்றுக்கும் பி50. 1982இல் வந்த சி.எஃப். வரிசையில் அதே 80 மி.மீ. பிளானாருக்கு பி60. பெயர் ஒன்று, குவியத் தூரம் ஒன்று, பூட்டு வேறு. வேகவளையத்தில் 'எஃப்' என்று தனியாக ஒரு நிலை இருந்தால் அது சி.எஃப். லென்ஸ், பி60 வாங்குங்க. பி50 என்பதைப் பார்த்து 50 மி.மீ. மரை ஃபில்டர் வாங்கினாலும் பொருந்தாது, இதுவும் பயோனெட்தான். சி வரிசையிலேயே 50 மி.மீ. டிஸ்டகான் இன்னொரு கதை: அதில் பூட்டும் இல்லை, சீரிஸ் 8 என்ற 63 மி.மீ. வட்டக் கண்ணாடியை உள்ளே போட்டு மேலே ஒரு வளையத்தால் இறுக்க வேண்டும். இந்த சீரிஸ் ஃபில்டர்களில் மரையே இருக்காது. சீரிஸ் 6 சுமார் 41 மி.மீ., சீரிஸ் 7 சுமார் 51. லென்ஸுக்கு ஏற்ற வளையம் தனி, கண்ணாடி தனி.

மரை உள்ள லென்ஸ் என்றால் அளந்துவிடலாம். முதல் வருட பி.ஈ. லேபில் கடனே என்று பிடித்த வெர்னியர் காலிப்பர் உண்மையிலேயே பயன்படுகிற இடம் இது. ஆனால் ஒரு கணக்கு தெரிந்திருக்கணும். ஃபில்டரின் அளவு என்று சொல்வது அதன் மரையின் வெளிவிட்டம். லென்ஸின் உட்பக்கத்தை அளக்கும்போது காலிப்பரின் முனை மரையின் மேட்டைத்தான் தொடும், பள்ளத்தை அல்ல. அதனால் அளவு குறைவாகவே வரும். எவ்வளவு குறைவு? ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளியை 1.08ஆல் பெருக்கிக்குங்க. பரவலான 0.75 மி.மீ. மரைக்கு அது சுமார் 0.8. ஆக 57.2 வந்தால் 58, 48.2 வந்தால் 49. 40.5 அளவில் மரை 0.5 மி.மீ.தான், அங்கே கிட்டத்தட்ட 40 என்று காட்டும். அதை நம்பி 40 வாங்கினால் காசு தண்டம்.

இடைவெளி வேறாக இருந்தால் விட்டம் சரியாக இருந்தாலும் பயனில்லை. முக்கால் சுற்று போய் இறுகி நின்றால் நிறுத்திடுங்க. அலுமினிய மரையை பலவந்தமாகத் திருகினால் கெடுவது ஐந்நூறு ரூபாய் ஃபில்டர் அல்ல, லென்ஸின் முன்வளையம்.

பயோனெட் ஃபில்டர்கள் விலை அதிகம், பழையதாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். என் யோசனை: நல்ல நிலையில் ஒரு மஞ்சள் மட்டும் அசல் அளவில் வாங்கி வைங்க. மற்றதுக்கு பே 1இலிருந்து 49க்கோ, பி60இலிருந்து 67க்கோ மாற்றும் வளையம் ஒன்று போதும், சாதாரண மரை ஃபில்டர்கள் எல்லாம் ஏறும். ஹூட்டை மட்டும் புதிய அளவுக்குப் பார்க்கணும். சிறியதாக மாற்றும் வளையம் வேண்டாம். அகலக்கோண லென்ஸில் மூலைகள் கறுத்துவிடும்.

எக்ஸ்போஷரை நீங்கதான் கூட்டணும்: மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று. இரட்டைலென்ஸ் கேமராவில் போலரைசர் போடுகிறவர்கள் முதலில் அதை மேல் லென்ஸில் மாட்டி, திருப்பிப் பார்த்து, வளையத்தில் எந்தக் குறி மேலே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே குறி மேலே இருக்கும்படி கீழ் லென்ஸில் மாட்டணும்.