வங்கிப் பெயரில் வரும் அஞ்சல்: எங்கே பார்ப்பது?

மூணாறு, தேவிகுளம், பாலக்காட்டின் சித்தூர் எனக் கேரள எல்லையோரமெங்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வங்கி மின்னஞ்சலோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். "எழுத்துப்பிழை இருந்தால் போலி" என்ற அறிவுரை இவர்களுக்கு எப்படி உதவும்? இன்றைய மோசடிக்காரர்கள் பிழையில்லாமலும் எழுதுகிறார்கள்.

போலி அஞ்சல் அனுப்புவது ஏன் இவ்வளவு எளிது? மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-இல் வெளியானது. தபால் உறையில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம் அல்லவா? அதே நிலைதான் இங்கும். எஸ்பிஎஃப், டிகேஐஎம் போன்ற சோதனைகள் பின்னால் சேர்ந்தவை. அவை முகவரியின் தளத்தைச் சரிபார்க்கும், திரையில் தெரியும் பெயரை அல்ல.

ஆகவே அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடும் முன் அதன் தளப்பெயரை வலமிருந்து இடமாகப் படியுங்கள். இடது ஓரத்தில் வங்கிப் பெயரை யாரும் ஒட்டிக்கொள்ளலாம்; உரிமையாளரைச் சொல்வது வலது முனை. இதனால்தான் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என முடியும் தளங்களுக்கு மாறும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே அந்தத் தளப்பெயர்களைப் பதிவுசெய்து தரும்.

இன்னொரு தந்திரம் கண்ணையே ஏமாற்றும். 'க' என்ற எழுத்தும் '௧' என்ற தமிழ் எண் ஒன்றும் நமக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு. இப்படித்தான் ஆங்கில எழுத்துக்குப் பதில் ரஷ்ய எழுத்தை நுழைத்துப் போலித் தளம் அமைப்பார்கள். வங்கி முகவரியை நீங்களே தட்டச்சு செய்தால் இந்த வலையில் விழமாட்டீர்கள்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பே முடக்க வேண்டும்.