பத்தியம் எழுத எத்தனை வருடப் படிப்பு?

சிறுநீரக வார்டில் அடுத்தடுத்து இரண்டு கட்டில்கள். இரண்டிலும் படுத்திருப்பவர்கள் அறுபது கிலோ ஆட்கள். இருவருக்கும் சர்க்கரை நோய் கிடையாது, சிறுநீரகம்தான் பழுது. ஒருவர் இன்னும் டயாலிசிஸ் வரை போகவில்லை. மற்றவர் வாரத்துக்கு மூன்று முறை போய்வருகிறார். முதலாமவரின் டயட் ஷீட்டில் புரதம் நாளொன்றுக்கு 36 கிராமைத் தாண்டக் கூடாது என்றிருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்கோ 60 முதல் 72 கிராம் வரை. அவருடைய பருப்பையும் முட்டையையும் பிடுங்கி இவருக்குக் கொடுத்தாற்போல் இருக்கும்.

பழுதான சிறுநீரகத்தால் புரதக் கழிவை வெளியே தள்ள முடியாது. அதனால் முதலாமவருக்குக் கட்டுப்பாடு. டயாலிசிஸ் இயந்திரம் அந்தக் கழிவை எடுத்துவிடும். ஆனால் கழிவோடு சேர்த்து உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்களையும் கொண்டுபோய்விடும். அதை ஈடுகட்டாவிட்டால் ஆள் இளைத்துப்போவார். 'கிட்னி டயட்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் பலவும் இந்த இருவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்க்கப் படித்தவர்தான் டயட்டீஷியன்.

அந்தப் படிப்பு எவ்வளவு நீளம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. பிளஸ் டூவில் அறிவியல் அல்லது மனையியல் பாடங்களை எடுத்தவர்களையே பெரும்பாலான கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. பிறகு உணவூட்டவியல் அல்லது மனையியலில் மூன்று ஆண்டு பி.எஸ்சி. அதற்கு மேல் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி., இல்லையென்றால் டயட்டெடிக்ஸில் முதுநிலை டிப்ளமோ. அதோடு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். இவ்வளவும் முடிந்த பிறகுதான் இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வுக்கு உட்கார முடியும். தேறியவர் பெயருக்குப் பின்னால் 'ஆர்.டி.' என்ற இரண்டெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சங்கம் 1963-ல் தொடங்கப்பட்டது.

சமையல் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி உயிர்வேதியியல். அரிசிச் சோறு வாயில் போனதிலிருந்து குளுக்கோஸாகி, செல்லுக்குள் எரிந்து, மிஞ்சியது கொழுப்பாகச் சேரும் வரை படிப்படியாகப் படிக்க வேண்டும். உடலியங்கியல், நுண்ணுயிரியல், உணவு வேதியியல், புள்ளியியல் எல்லாம் உண்டு. நூறு பேர் தங்கும் விடுதிக்கு ஒரு வாரத்துக்கு எவ்வளவு காய்கறி வாங்குவது என்பதும் பாடம்தான்.

ஆய்வகத்தில் தராசை வைத்துக்கொண்டு அரிசியை வேகவைப்பதற்கு முன்பும் பின்பும் எடை போடுவார்கள். சோறாக வரும்போது எடை இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும். அட்டவணையில் இருப்பது வேகாத அரிசியின் கணக்கு, தட்டில் இருப்பது வெந்த சோறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நோயாளிக்கு எழுதும் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். இந்தக் கணக்குக்கெல்லாம் மூலநூல், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை. 528 உணவுப் பொருள்களில் எதில் என்ன சத்து, எவ்வளவு என்று அதில் இருக்கிறது.

அந்த நிறுவனத்தின் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ஒரே அறையில், ராபர்ட் மெக்கேரிசன் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை மட்டும் நம்பியிருப்பவர்களைத் தாக்கும் நோய் அது. பிறகு அவர் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சாப்பிட்ட 'சீக்கியர்' எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் சாப்பாட்டு எலிகளுக்குக் கடைசி இடம்தான். ஆய்வுக்கூடம் 1958-ல் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்குப் போனது.

படிப்பு மட்டும் தமிழ்நாட்டில் தங்கியது. கோவையில் 1957-ல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ் அதைக் கட்டி எழுப்பினார். மனையியல் என்றால் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ள ஒரு டிகிரி என்று ஊர் கேலி பேசிய காலம் அது. இன்றைக்குப் பெரிய மருத்துவமனைகளின் உணவுப் பிரிவுகளில் அந்த 'மாப்பிள்ளை டிகிரி' படித்தவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று பலகை மாட்டிக்கொள்ள நம் நாட்டில் வெகுகாலம் யாரும் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஆறு வார ஆன்லைன் வகுப்பு முடித்தவரும், ஜிம்மில் புரதப் பொடி விற்பவரும், ஐந்தாறு வருடம் படித்துத் தேர்வெழுதியவரும் ஒரே பெயரில் ஆலோசனை சொன்னார்கள். 'ஆர்.டி.' என்பது ஒரு தொழில்முறைச் சங்கம் கொடுக்கும் அங்கீகாரம். மருத்துவர் பதிவைப் போல அதன் பின்னால் சட்டம் இல்லை.

2021-ல்தான் நாடாளுமன்றம் இணைநிலை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பட்டியலில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்ட்டும் இடம்பெற்றார்கள். சட்டம் சொல்லும் 'சுகாதாரத் தொழில்முறையாளர்' என்ற தகுதிக்குக் குறைந்தது 3600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 600 நாள் வகுப்பு. ஆறு வாரச் சான்றிதழை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொரு படி போனது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. உணவு, ஊட்டச்சத்துப் படிப்புகளுக்கும் அது பொருந்தும். படிப்பு நேரடி வகுப்பில்தான் நடக்கிறதா என்பதே, சேர்வதற்கு முன்னால் கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இங்கே எம்.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி அமெரிக்கா போகும் பெண்களுக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கும். அங்கே 2024 ஜனவரி 1 முதல் பதிவுத் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் கட்டாயம். நம் பட்டத்தை அங்கே மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். அங்கீகாரம் பெற்ற திட்டம் ஒன்றின் மூலம் குறைந்தது ஆயிரம் மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி எடுக்க வேண்டும். தேர்வு கணினியில் நடக்கும். 125 கேள்வியில் முடியலாம், 145 வரையும் நீளலாம். தேர்வருக்குத் தேர்வர் எண்ணிக்கை மாறும். கையில் பட்டமிருந்தும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதாக அலுத்துக்கொள்வோர் உண்டு.

எந்த நாட்டில் படித்தாலும் பாதிப் பாடம் வார்டில்தான் கிடைக்கும். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டவருக்கு எத்தனை மணிக்கொருமுறை எவ்வளவு கஞ்சி என்பதை அங்கேதான் கற்க முடியும். பல நாள் பட்டினி கிடந்து வந்தவருக்குப் பரிதாபப்பட்டு ஒரேயடியாக ஊட்டக் கூடாது என்பதும் அங்கேதான் உறைக்கும். அப்படி ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி, இதயமே தடுமாறலாம். பொட்டாசியம் ஏறிய நோயாளியின் வீட்டுக்காரம்மாவிடம் இளநீரை நிறுத்தச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்ல வேண்டும். சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது என்று அந்தம்மா கேட்டால், கொட்டச் சொல்வது அதனால்தான் என்று புரியவைக்கவும் தெரிய வேண்டும்.

பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற சாதாரணக் கேள்வியில். "ரெண்டே ரெண்டு தோசைம்மா" என்கிறார் சர்க்கரை நோயாளி. பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொள்கிறது. பின்னால் நிற்கும் மூத்த டயட்டீஷியன் பையிலிருந்து இரண்டு கரண்டிகளை எடுத்துக் கட்டிலில் வைக்கிறார். "ஐயா, உங்க வீட்ல மாவு ஊத்தறது இதுல எது மாதிரி இருக்கும்?" நோயாளி பெரியதைக் காட்டுகிறார். "எண்ணெய்?" மறுபடி யோசித்து, "அது கணக்கே இல்லம்மா" என்கிறார். பிள்ளை 'இரண்டு தோசை' என்பதை அடித்துவிட்டு, பேனாவை மூடாமல் அடுத்த பதிலுக்குக் காத்திருக்கிறது.